ஸ்டீமில் பில்ட் ஏறிவிட்டது, டெஸ்டர்களுக்கு மட்டும் இறங்கவில்லை: எந்த செட்டிங்கைப் பார்ப்பது?

பிக்சல்_பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். யூனிட்டி எஞ்சினில் செய்த கேம் ஒன்றை ஸ்டீம் கேம் கடைக்குக் கொண்டுபோகிறோம். இன்னும் ரிலீஸ் ஆகவில்லை. விண்டோஸ் டெப்போ (அந்த ஓஎஸ்ஸுக்கான ஃபைல் தொகுப்பு) முதலிலேயே இருந்தது, லினக்ஸ் டெப்போவை இப்போதுதான் சேர்த்தோம். மொத்தம் 3 ஜிபி அளவு. மூன்று சந்தேகம்:

முதலாவது: லினக்ஸ் பில்ட் ஒழுங்காக ஏறி, பில்ட்ஸ் பக்கத்தில் ஐடியும் வந்துவிட்டது. டீஃபால்ட் பிராஞ்சில் (எல்லாருக்கும் போகும் பில்ட் வரிசை) லைவ் ஆகவும் வைத்தாச்சு. டெவலப்பர் கணக்கில் இறங்கி ஓடுகிறது. ஆனால் கீ வாங்கிய லினக்ஸ் டெஸ்டர்களுக்கு 0 பைட் இறங்கி, ப்ளே அழுத்தினால் 'இன்வாலிட் ஆப் கான்ஃபிகரேஷன்' என்கிறது.

இரண்டாவது: வசனங்கள் உள்ள ஒரு சின்ன ஃபைலை மட்டும் மாற்றி அப்டேட் போட்டால் விண்டோஸ் டெஸ்டர்களுக்கு 1 ஜிபிக்கு மேல் டவுன்லோட் ஆகிறது.

மூன்றாவது: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப்பின் தானியங்கி பில்ட் சேவை) இருந்து தானாக ஏற்றப் பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஸ்டீம் கார்டு (லாகின் பாதுகாப்பு) கோடு கேட்டு நின்றுவிடுகிறது.

எதை எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

டெப்போ_கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், நேரம் அதிகம் தின்பது அதுதான். ஸ்டீமில் பில்ட் ஒருவர் கைக்குப் போய்ச் சேர நான்கு விஷயங்கள் தனித்தனியாகச் சரியாக இருக்க வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

பில்ட் ஏறியிருக்க வேண்டும். அந்த பில்ட் ஏதாவது ஒரு பிராஞ்சில் லைவ் ஆகியிருக்க வேண்டும். டெப்போ பட்டியல், லாஞ்ச் ஆப்ஷன் போன்ற செட்டிங்குகள் 'பப்ளிஷ்' ஆகியிருக்க வேண்டும். கடைசியாக, டெஸ்டரிடம் இருக்கும் பாக்கேஜுக்குள் (உரிமத் தொகுப்பு) அந்த டெப்போ இருக்க வேண்டும். நீங்கள் முதல் இரண்டையும் முடித்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் ஓடுகிறது என்பதால் மூன்றாவதும் அநேகமாகச் சரிதான். மாட்டியிருப்பது நான்காவதில்.

ஸ்டீமில் யாரும் ஆப்பை நேரடியாக வைத்திருப்பதில்லை, பாக்கேஜைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆப்புக்கு வழக்கமாக மூன்று பாக்கேஜ் இருக்கும்: டெவலப்பர் காம்ப், பீட்டா டெஸ்டிங், கடையில் விற்பதற்கானது. ஒவ்வொன்றுக்கும் தனி டெப்போ பட்டியல் உண்டு. லினக்ஸ் டெப்போ டெவலப்பர் காம்ப்பில் இருந்து, பீட்டா பாக்கேஜில் இல்லாமல் போயிருந்தால் நீங்கள் சொன்ன அதே அறிகுறிதான் வரும்: டெவலப்பருக்கு எல்லாம் நலம், கீ வாங்கியவருக்கு 0 பைட். ஸ்டீம்வொர்க்ஸில் (ஸ்டீமின் டெவலப்பர் தளம்) ஆப்பின் முகப்புப் பக்கத்தில் 'அசோசியேட்டட் பாக்கேஜஸ்' பகுதிக்குப் போய் ஒவ்வொரு பாக்கேஜையும் திறந்து டெப்போக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனைப் பாக்கேஜை விட்டுவிட வேண்டாம். அதில் டெப்போ விடுபட்டிருந்தால் இப்போது யாருக்கும் தெரியாது, ரிலீஸ் அன்று காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் தெரியும்.

கூடவே இரண்டு இடம். டெப்போவின் ஓஎஸ் செட்டிங் 'லினக்ஸ்' என்றுதான் இருக்கிறதா பாருங்கள். 'ஆல் ஓஎஸ்' என்று விட்டிருந்தால் விண்டோஸ்காரருக்கும் லினக்ஸ் ஃபைல்கள் இறங்கும். அடுத்து, 'இன்ஸ்டாலேஷன்' தாவலில் 'ஜெனரல்' பக்கத்தில் லினக்ஸுக்கென்று தனி லாஞ்ச் ஆப்ஷன். யூனிட்டி பில்டில் ஓட்ட வேண்டிய ஃபைல் .x86_64 என்று முடியும். கையால் தட்டுவதைவிட, பில்ட் ஃபோல்டரிலிருந்து பெயரை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸில் கண்டுகொள்ளப்படாது, லினக்ஸில் ஃபைலே இல்லை என்று ஆகிவிடும். பெயர் தப்பினால் வரும் செய்தி வேறு: 'மிஸ்ஸிங் எக்ஸிக்யூட்டபிள்'.

எதை மாற்றினாலும் 'சேவ்' போதாது. 'பப்ளிஷ்' தாவலுக்குப் போய் மாற்றங்களின் வித்தியாசப் பட்டியலைப் படித்துப் பார்த்து பப்ளிஷ் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் டெஸ்டர் பக்கம் பழைய தகவலே தங்கியிருக்கலாம். ஸ்டீம் கிளையண்டை முழுதாக மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

லினக்ஸ்_திண்ணை:

மேலே சொன்னதோடு ஒன்று. லினக்ஸ் டெஸ்டர் யாராவது கேமின் ப்ராப்பர்ட்டீஸில் ப்ரோட்டானை (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீம் கருவி) கட்டாயமாகத் தேர்ந்து வைத்திருந்தால் அவருக்கு இறங்குவது விண்டோஸ் டெப்போ. "எனக்கு லினக்ஸில் நன்றாக ஓடுது" என்று அவர் சொல்வது உங்கள் லினக்ஸ் பில்டைப் பற்றியதே அல்ல. டெஸ்ட் அறிக்கை கேட்கும்போது எந்த டிஸ்ட்ரோ, ப்ரோட்டான் உண்டா இல்லையா என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

கீ பற்றியும் ஒரு வார்த்தை. ரிலீஸுக்கு முன்னால் கொடுக்கும் கீ 'ரிலீஸ் ஸ்டேட் ஓவர்ரைடு' வகையாக இருக்க வேண்டும். சாதாரண கீயை ஆக்டிவேட் செய்தால் லைப்ரரியில் தெரியும், ரிலீஸ் வரை விளையாட முடியாது. உங்கள் விஷயத்தில் இன்ஸ்டால் வரை போகிறது என்பதால் கீ சரியானதுதான்.

பிக்சல்_பட்டறை:

பீட்டா பாக்கேஜில் லினக்ஸ் டெப்போ இல்லவே இல்லை. விற்பனைப் பாக்கேஜிலும் இல்லை. இரண்டிலும் சேர்த்து பப்ளிஷ் செய்ததும் இறங்குகிறது, மிக்க நன்றி.

இப்போது உபுண்டு 20.04 வைத்திருக்கும் ஒரு டெஸ்டருக்கு மட்டும் கேம் திறந்த உடனே மூடிவிடுகிறது. டெர்மினலில் 'ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதாம் (ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி). கை காட்டுவது நாங்களே சி++-இல் எழுதிய பிளகினை. அதை உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்கிறோம்.

லினக்ஸ்_திண்ணை:

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, உபுண்டு 20.04-இல் 2.31. பழைய ஜிலிப்சியில் கம்பைல் ஆனது புதியதில் ஓடும். ஆனால் புதியதில் கம்பைல் ஆனது பழையதில் ஓடும் என்று சொல்ல முடியாது. யூனிட்டியின் சொந்த ஃபைல்களுக்கு இந்தத் தொல்லை வராததால் பழி உங்கள் பிளகினில் மட்டும் வந்து நிற்கிறது.

ஸ்டீமை நடத்தும் வால்வ் தரும் 'ஸ்னைப்பர்' எஸ்டிகே கண்டெய்னருக்குள் பிளகினைக் கம்பைல் செய்யுங்கள். ஸ்டீம் லினக்ஸ் ரன்டைமின் அந்தப் பதிப்பு டெபியன் 11 அடிப்படையிலானது, ஜிலிப்சி 2.31. டாக்கர் இமேஜாகவே கிடைப்பதால் சிஐ-யில் (தானியங்கி பில்ட்) செருகுவதும் எளிது. கம்பைல் ஆனபின் ஆப்ஜெக்ட்டம்ப் கருவியைப் பெரிய டி (-T) ஆப்ஷனோடு அந்த .எஸ்ஓ ஃபைல் மேல் ஓட்டி, ஜிலிப்சி என்று வரும் வரிகளில் அதிகபட்ச எண் என்னவென்று பாருங்கள். 2.31-ஐத் தாண்டக்கூடாது. இந்தச் சோதனையை சிஐ-யில் ஒரு படியாகவே வைத்துவிட்டால் நாளை யாராவது பில்ட் மெஷினை மாற்றினாலும் ஏற்றுவதற்கு முன்பே பிடிபடும்.

பேட்ச்_அளவு:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஸ்டீம்பைப் (ஸ்டீமின் பில்ட் ஏற்றும் அமைப்பு) ஒவ்வொரு ஃபைலையும் சுமார் 1 எம்பி துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் தானே கம்ப்ரெஸ் செய்து, என்கிரிப்ட் செய்து வைக்கிறது. அப்டேட்டில் மாறிய துண்டுகள் மட்டும்தான் இறங்கும். ஆகவே வசன ஃபைல் ஒன்று மாறினால் ஓரிரு எம்பிதான் இறங்க வேண்டும். 1 ஜிபி இறங்குகிறது என்றால் நீங்கள் ஏற்றுவதற்கு முன்பே ஏதோ ஒன்று எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி, கட்டும்போது உள்ளடக்கத்தை இடம் மாற்றுகிறது.

யூனிட்டியில் முதலில் பார்க்க வேண்டியது பில்ட் செட்டிங்ஸில் 'கம்ப்ரெஷன் மெத்தட்'. எல்இசட்4 அல்லது எல்இசட்4ஹெச்சி வைத்திருந்தால் சீன்களும் அசெட்டுகளும் சேர்ந்து டேட்டா.யூனிட்டி3டி என்ற ஒற்றை ஃபைலாகிவிடும். டெஸ்க்டாப்பில் 'டீஃபால்ட்' என்றால் கம்ப்ரெஷன் இல்லை. ஒவ்வொரு சீனும் ஒவ்வொரு ஷேர்டு அசெட்டும் தனித்தனி ஃபைலாக இருக்கும். ஸ்டீம் தானே கம்ப்ரெஸ் செய்து அனுப்புவதால் டவுன்லோட் அளவில் நீங்கள் இழப்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிஸ்கில் பிடிக்கும் இடம் கூடும், அது மட்டும் கணக்கில் இருக்கட்டும்.

அசெட் பண்டில் அல்லது அட்ரஸபிள்ஸ் (அசெட்டுகளைத் தனித் தொகுப்புகளாகக் கட்டும் யூனிட்டி வழிகள்) பயன்படுத்தினால் எல்இசட்எம்ஏ-வைத் தவிருங்கள். அது பண்டில் முழுவதையும் ஒரே நீரோட்டமாகக் கம்ப்ரெஸ் செய்கிறது. நடுவில் ஒரு எழுத்து மாறினால் அதற்குப் பிறகு வரும் பைட் எல்லாம் வேறாகிவிடும், அங்கிருந்து ஸ்டீமின் துண்டு எதுவும் பழையதோடு பொருந்தாது. எல்இசட்4 துண்டு துண்டாகச் செய்வதால் அவ்வளவு சேதமில்லை. பண்டில்களை லெவல் வாரியாகவோ அம்சம் வாரியாகவோ பிரியுங்கள். புதிய உள்ளடக்கத்தைப் பழைய பண்டிலுக்குள் திணிக்காமல் புதிய பண்டிலாகச் சேருங்கள். வசனங்களை 'ரிசோர்ஸஸ்' ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்களா? அங்கே உள்ளதெல்லாம் ஒரே ரிசோர்ஸஸ்.அசெட்ஸ் ஃபைலுக்குள் போகும். 'ஸ்ட்ரீமிங் அசெட்ஸ்' ஃபோல்டருக்கு மாற்றினால் உள்ளது உள்ளபடியே தனி ஃபைலாகப் போகும்.

டவுன்லோட் அளவு சரியானாலும் பெரிய ஃபைலால் இன்னொரு தொல்லை உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஒரு ஃபைலில் ஒரு துண்டு மாறினாலும் ஸ்டீம் கிளையண்ட் புதிய ஃபைலைப் பழையதன் பக்கத்தில் முழுதாகக் கட்டி எழுப்பிவிட்டுத்தான் பழையதை எடுக்கும். 20 ஜிபி ஒற்றை ஃபைல் என்றால் ஒரு எம்பி அப்டேட்டுக்கும் 20 ஜிபி காலி இடமும் டிஸ்கில் அவ்வளவையும் எழுதும் வேலையும் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு டவுன்லோட் நொடியில் முடிந்து, 'பேட்ச்சிங்' என்று நெடுநேரம் நிற்கும். பேக் ஃபைல்களை 1 அல்லது 2 ஜிபிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

அன்ரியல் எஞ்சின் பயன்படுத்துபவர்கள் இந்த இழையைப் படித்தால்: பாக் ஃபைல் கட்டும்போது பேட்ச் பேடிங் அலைன் என்ற ஆப்ஷனையும் பிளாக் சைஸையும் 1048576 என்று கொடுங்கள். அது சரியாக 1 எம்பி. அசெட்டுகள் ஸ்டீமின் துண்டு எல்லையோடு பொருந்தி உட்காரும்.

அளவைத் தெரிந்துகொள்ள டெஸ்டர்களை வதைக்க வேண்டாம். ஆப் பில்ட் ஸ்கிரிப்ட்டில் 'ப்ரிவியூ' மதிப்பை 1 ஆக்கி ஓட்டினால் எதுவும் ஏறாது. அவுட்புட் ஃபோல்டரில் லாகும் ஃபைல் பட்டியலும் மட்டும் வரும்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதே கழிவையும் பாருங்கள். யூனிட்டி ஐஎல்2சிபிபி (சி# கோடை சி++ ஆக்கும் முறை) பில்டில் பெயரில் 'பேக்கப் திஸ் ஃபோல்டர்' என்று வரும் ஒரு ஃபோல்டர் இருக்கும். பர்ஸ்ட் கம்பைலரைப் பயன்படுத்தினால் 'பர்ஸ்ட் டீபக் இன்ஃபர்மேஷன்' என்று வந்து 'டூ நாட் ஷிப்' என்று முடியும் இன்னொன்றும் இருக்கும். பெயரிலேயே அனுப்பாதே என்று எழுதியிருந்தும் பல கேம்களில் அவை போய்ச் சேர்கின்றன. .பிடிபி ஃபைல்களையும் சேர்த்து டெப்போ ஸ்கிரிப்ட்டில் 'ஃபைல் எக்ஸ்க்ளூஷன்' வரிகளாகப் போடுங்கள். ஸ்டீம்_ஆப்ஐடி.டிஎக்ஸ்டி ஃபைலுக்கும் ஒரு வரி. அது டெவலப்மெண்டுக்கு மட்டும். பில்டோடு போனால் 'ரீஸ்டார்ட் ஆப் இஃப் நெசசரி' சோதனை வேலை செய்யாது, ஸ்டீம் வழியாகத் திறக்காமலே கேம் ஓடத் தொடங்கும்.

சிஐ_பாதை:

மூன்றாவது கேள்வி என்னுடையது.

முதலில் கணக்கு. உங்கள் சொந்தக் கணக்கை சிஐ-யில் போட வேண்டாம். பில்ட் ஏற்றுவதற்கென்றே தனி ஸ்டீம் கணக்கு ஒன்று உருவாக்கி, ஸ்டீம்வொர்க்ஸ் பார்ட்னர் குழுவில் சேர்த்து, இந்த ஆப்புக்கு மட்டும் 'எடிட் ஆப் மெட்டாடேட்டா', 'பப்ளிஷ் ஆப் சேஞ்சஸ் டு ஸ்டீம்' என்ற இரண்டு அனுமதியை மட்டும் கொடுங்கள். நிதி சம்பந்தப்பட்ட எதுவும் அதற்குத் தேவையில்லை.

கோடு கேட்பதற்குக் காரணம், ஒவ்வொரு ஓட்டத்திலும் ரன்னர் புத்தம் புதிய மெஷின். பாஸ்வேர்டைக் கொடுத்து லாகின் செய்தால் ஒவ்வொரு தடவையும் புதிய டோக்கன், அதற்குப் புதிய கோடு. வழி இது: உங்கள் மெஷினில் ஸ்டீம்சிஎம்டி-யை (ஸ்டீமின் கமாண்ட் லைன் கருவி) திறந்து, பில்ட் கணக்கின் பெயர், பாஸ்வேர்டு, கோடு எல்லாம் கொடுத்து ஒருமுறை லாகின் செய்யுங்கள். வெளியே வந்து, மறுபடி கணக்குப் பெயர் மட்டும் கொடுத்து லாகின் ஆகிறதா பாருங்கள். லாகின் ஆகிவிட்டால் டோக்கன் (லாகின் சான்று) பதிந்துவிட்டது என்று அர்த்தம். 'கான்ஃபிக்' ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக்.விடிஎஃப் ஃபைலில்தான் அது இருக்கிறது. அதை பேஸ்64 ஆக்கி கிட்ஹப் சீக்ரெட்டில் வையுங்கள். ரன்னரில் அதே இடத்தில் விரித்து வைத்துவிட்டு, கணக்குப் பெயர் மட்டும் கொடுத்து லாகின் செய்யுங்கள். பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுத்தால் பழைய கதை மறுபடி தொடங்கும். லாகின் ஆனபின் அந்த ஃபைல் புதுப்பிக்கப்படலாம் என்பதால் ஓட்டங்களுக்கிடையே அதைச் சேமித்து வைப்பதுதான் முறை.

ஸ்கிரிப்ட்டில் கவிழும் இடங்கள் பெரும்பாலும் பாதைகள். 'கன்டென்ட் ரூட்' அந்த ஸ்கிரிப்ட் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்படும். ரன்_ஆப்_பில்ட் கட்டளைக்குக் கொடுக்கும் பாதையை முழுப் பாதையாகவே கொடுங்கள். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டில் பின்சாய்வுக் கோடு இருந்தால் லினக்ஸ் ரன்னருக்கு முன்பே முன்சாய்வாக மாற்றிவிடுங்கள். 'டெப்போ பில்ட் ஃபெயில்ட், ஸ்டேட்டஸ் 6' என்று வந்தால் இரண்டைப் பாருங்கள்: கணக்குக்கு அந்த ஆப்பில் அனுமதி இருக்கிறதா, கன்டென்ட் ரூட் உண்மையிலேயே இருக்கும் ஃபோல்டரைக் காட்டுகிறதா. ஏற்றுவதற்கு முன் படியில், கேமின் முதன்மை ஃபைல் அந்த ஃபோல்டரில் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒற்றை வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும், பாதி பில்ட் ஏறுவதைத் தடுத்துவிடும்.

'பில்ட் அவுட்புட்' ஃபோல்டரை சிஐ கேஷில் வைத்தால் அடுத்த ஏற்றம் வேகமாகும், ஸ்டீம்பைப் அங்கே தன் கேஷை வைத்துக்கொள்கிறது.

பச்சை_டிக்:

ஏற்றும் ஸ்கிரிப்ட்டின் 'செட் லைவ்' வரியில் டீஃபால்ட் என்று போட்டுவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடுமே? எதற்குத் தனியாக பில்ட்ஸ் பக்கத்துக்குப் போக வேண்டும்?

சிஐ_பாதை:

நடக்காது. 'செட் லைவ்' வழியாக பீட்டா பிராஞ்சுகளை மட்டும்தான் லைவ் ஆக்க முடியும். டீஃபால்ட் பிராஞ்சை ஸ்டீம்வொர்க்ஸ் பக்கத்தில் கையால்தான் மாற்ற வேண்டும். அதோடு, ரிலீஸ் ஆன ஆப்பின் டீஃபால்ட் பிராஞ்சை மாற்றுவதற்கு 2023 அக்டோபர் 24 முதல் போன் வழி உறுதிப்படுத்தல் கட்டாயம். டெவலப்பர் கணக்குகளைக் கைப்பற்றி கேமுக்குள் மால்வேர் ஏற்றிய சம்பவங்களுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு அது. தடைபோலத் தெரிந்தாலும் நல்ல ஏற்பாடு, சுற்றி வழி தேட வேண்டாம். ரிலீஸ் நாளில் யார் லைவ் ஆக்கப் போகிறாரோ அவர் கணக்கில் போன் எண்ணை முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

சிஐ ஏற்றுவது 'நைட்லி' என்ற பிராஞ்சுக்குப் போகட்டும், அதற்கு பாஸ்வேர்டு வையுங்கள். டெஸ்டர்கள் கேமின் ப்ராப்பர்ட்டீஸில் 'பீட்டாஸ்' பகுதியில் அந்த பாஸ்வேர்டைக் கொடுத்து மாறிக்கொள்வார்கள். அங்கே தேறிய பில்ட் ஐடியை டீஃபால்ட்டில் லைவ் ஆக்குங்கள். திரும்ப ஏற்றவே கூடாது, டெஸ்ட் ஆன அதே பைட்டுகள்தான் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். ஏதாவது உடைந்தால் அதே பக்கத்தில் முந்தைய பில்ட் ஐடியைத் தேர்ந்து லைவ் ஆக்கினால் போதும். ஆனால் புதிய பதிப்பு எழுதிய சேவ் ஃபைலைப் பழைய பதிப்பு திறக்குமா என்பதை முன்பே சோதித்திருக்க வேண்டும். அது ஸ்டீமின் கையில் இல்லை.

டெப்போ_கணக்கு:

ரிலீஸ் ஆகவில்லை என்று சொன்னதால் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 100 டாலர் ஆப் கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழியாமல் முதல் ரிலீஸ் முடியாது. 'கமிங் சூன்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருந்திருக்க வேண்டும். ஸ்டோர் பக்கத்துக்கும் பில்டுக்கும் தனித்தனி ரிவ்யூ, ஒவ்வொன்றும் பொதுவாக 3 முதல் 5 வேலை நாள். ரிவ்யூ செய்பவர் ஸ்டோர் பக்கத்தில் எதை ஆதரிப்பதாக டிக் போட்டிருக்கிறீர்களோ அதைத் தேடிப் பார்ப்பார். கன்ட்ரோலர் முழு ஆதரவு என்று போட்டுவிட்டு ஒரு மெனுவில் மவுஸ் கேட்டால் திருப்பி அனுப்பப்படும். லினக்ஸ் டிக் போட்டிருந்தால் லினக்ஸ் பில்டும் ரிவ்யூவுக்கு அனுப்பும் நேரத்தில் டீஃபால்ட் பிராஞ்சில் இருக்க வேண்டும். அந்தப் பிளகினைத் திரும்பக் கம்பைல் செய்து, உபுண்டு 20.04 டெஸ்டர் ஓட்டிப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.